உப்பு வாங்காத வீடு

– உப்பு இல்லங்குத, குழம்புல உப்பு சரியாத்தான்ளா இருக்கு.

– கடைக்குப் போயே எவ்வளவோ நாளாச்சு கிங்ஸ்டன்ணே. புளி இல்ல, மாங்கா போட்டேன். சின்ன உள்ளி இல்ல, பெரிய பல்லாரிய நறுக்கிப் போட்டேன். தேங்காய்க்கு முந்திரிய அரைச்சு விட்டேன்.

– மீனும் இல்ல போல. வாழைக்காயில்லா கெடக்கு.

– அவுக போனதுல இருந்து மீனைத் தொடக் கை வரல.

– திரேஸ்புரம் கடக்கரைல இருந்துக்கிட்டு வாழைக்கா மீன் குழம்பு. வெளிய சொல்லிராத, சிரிப்பான்.

– அவுக இருந்தா ஒரு வாயிலயே கண்டுபிடிச்சிருப்பாக.

– ரோச் மச்சானா? யம்மா, அது என்ன நாக்கு! பல்லாரின்னு தெரிஞ்சாலே தட்டத் தள்ளிருவாரு. நமக்கு அப்படியெல்லாம் இல்லளா. ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு. வெந்துட்டா எவனுக்குத் தெரியப்போவுது?

– நீ சின்னதுல இருந்தே அப்படித்தான.

– ஆமா, இங்கன என்ன தரை நனைஞ்சு கெடக்கு? பைப்பு ஒழுகுதா?

– இல்ல. தொடைக்கத் தொடைக்க வருது. நீ சாப்பிடு.

– இன்னுங் கொஞ்சம் சோறு வையி. குழம்பையும் ஊத்து.

– அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?

– கேளு.

– சங்கு குளிக்க எறங்குதவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு ஏன் வச்சாக?

– தெரியாத மாதிரி கேக்க! கூடப்பொறந்தவ தாலியில்லா அந்தக் கயித்துல தொங்குது. மத்தவன் அசந்தாலும் மச்சான் அசரமாட்டான்.

– அன்னைக்கு நீதான பிடிச்ச?

– என்ன கேள்விளா இது? அடக்கத்தன்னைக்கே எல்லாரு முன்னாலயும் சொன்னேன்லா. காத்து டியூப்பு எங்கனயோ மடங்கிட்டு. தூக்குறதுக்குள்ள...

– கீழ இருந்து கயித்த இழுத்தாகளா?

– அதெல்லாம் இப்ப எதுக்குளா?

– சொல்லுண்ணே.

– இழுத்தாரு. நானும் பதிலுக்கு இழுத்தேன்.

– அவுக அப்படிச் சொல்லலையே.

– எவுக?

– அவுகதான். மச்சான் இழுத்தா ரெண்டு சுண்டு சுண்டி நிறுத்துவானாம். அன்னைக்கு மேல இருந்து மாடு இழுத்த மாதிரி இழுத்துச்சாம். அது எம் மச்சான் கையில்லங்காக. ஏண்ணே கைய எடுத்துட்ட? சோறு ஆறுது.

– செல்வராணி, நீ ராத்திரி ஒறங்குதியா?

– எங்க ஒறங்க.

– நாளைக்குக் கெளம்பி இரு. மில்லர்புரத்துல ஒரு டாக்டரு இருக்காரு, போய்ப் பாத்துட்டு வருவோம்.

– போவோம். யாரு கைன்னுதான் அவுகளுக்குப் பிடிபடல. வந்து நின்னுக்கிட்டு அத மட்டுந்தான் கேக்காக. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

– சுடலைராஜ் ஒளறிட்டானா? அவன்தான வந்து சொன்னான்? ஏளா, நான் சொல்லுததக் கேளு. புதுக்கோட்டைல ஒரு பைக்கு வெலைக்கு வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள திரும்பிருவேன்னு, மச்சான் தண்ணிக்குள்ள எறங்குனதும் பக்கத்து வள்ளத்துல இருந்த அவன் கையில கயித்தக் குடுத்துட்டு அந்த வள்ளத்துலயே கரைக்கு வந்துட்டேன். ஒரே ஒரு நாளு. அவனும் கடல்ல கெடக்குறவன்தான. மச்சான்கிட்ட சொல்லாம விட்டதுதான் தப்பு. தண்ணிக்குள்ள போனப் பொறவு அவருக்கு எங்க தெரியப்போவுதுன்னு...

– சுடலைராஜ் கையா அது.

– அவன் என்ன சொன்னான் ஒங்கிட்ட?

– அவன் இந்த வாசல்படியே மிதிக்கல. அவன் பேரே எனக்கு இப்பத்தான் தெரியும். அவுகளுக்கும் இப்பத்தான் தெரியும்.

– செல்வராணி...

– ம்.

– தண்ணி குடு. தொண்டையெல்லாம் கரிக்கு.

– கரிக்கத்தான் செய்யும்.

– உப்பு இல்லன்னு சொன்ன.

– இல்ல. ஊரச் சுத்தி உப்பளத்துல அம்பாரம் அம்பாரமா குவிஞ்சு கெடக்கு, என் வீட்டுல ஒரு கல்லு இல்ல.

– அப்ப உப்புக்கு என்னத்தளா விட்ட?

– அவுக வந்து நின்னா தேங்குமே, அந்தத் தண்ணி. கால எடுத்து மேல வச்சுக்கோண்ணே, இப்ப ஒனக்குப் பின்னால தேங்குது.