இடது பின்மூலை

மதிப்பிற்குரிய இறகுப்பந்துச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் விருந்துக்கு வந்த அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னல் பக்கம் தாங்கள், எதிரே அம்மா. சுவரோரம் என் தங்கை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் தாங்கள் அழைத்து வந்த புதுப் பயிற்சியாளர். அது நான் உட்காரும் நாற்காலி. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் கை கழுவும் தொட்டியோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. தங்கையின் காலுக்கு நேர்ந்ததை ‘எதிர்பாராத விபத்து’ என்று குறித்துக் கோப்பை மூடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

சிறுவயதில் நாங்கள் இருவருமே இறகுப்பந்து ஆடினோம். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள். அது தெரிந்த அன்றே என் மட்டையின் பிடிக்குப் புதுத் துணி சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஒற்றையர் ஆட்டம் தனியாள் ஆட்டம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். வலைக்கு இந்தப் பக்கம் கூடை நிறைய இறகுப்பந்துகளை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எறிகிற ஒருவன் இருக்கிறான். அவன் எறிகிற மூலைக்கெல்லாம் அவள் ஓட வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம்: நிறுத்துவது நான்தான், அவள் அல்ல. ஓடுவது அவள் வேலை. அந்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. அதனால்தான் எத்தனையோ போட்டிகளில் எதிரிகள் மூச்சு வாங்கும்போது இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதே. அடுத்த மாசத்திலிருந்து நான் இந்தப் புது சார்கிட்ட போறேன்.”

“இவன் எங்க தப்பா எடுத்துக்கப் போறான்? வெட்டுக்கிளி உசரத் தாவினா இவனுக்குத்தானே பெருமை” என்றாள் அம்மா. வீட்டில் தங்கைக்கு அந்தப் பெயர்தான்.

தாங்கள்கூட, “இனிமே ரெஸ்ட் எடுங்க தம்பி. கல்யாணம் கில்யாணம் பண்ணிக்குங்க” என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஒப்பந்தத்தில் அவள் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டதை, புதியவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவள் காலையில் என்னோடு ஆடினாள். நான் எறிந்ததை எல்லாம் எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஆட்டக்காரி.

மறுநாள், அவள் காலுக்கு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் போன் செய்தார். அவள் கோப்பில் இருப்பது என் எண்.

“இடது குதிகால் நாண் பாதி கிழிஞ்சிருக்கு. இப்ப ஓடவிட்டா அறுந்துடும். அவங்ககிட்ட நான் பேசட்டுமா?”

“வேண்டாம் டாக்டர், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்” என்றேன்.

தங்கையிடம், சாதாரண வீக்கம் என்று சொன்னேன்.

கடைசியாக ஒரு நாள் ஆட வேண்டும் என்று கேட்டது அவள்தான். “நல்லபடியா முடிச்சிட்டுப் போறேண்ணா” என்று கூடையைத் தானே தூக்கி வந்தாள். நான் வலையோரம் ஒன்று எறிந்தேன், அடுத்தது இடது பின்மூலைக்கு. மறுபடி வலையோரம், மறுபடி இடது பின்மூலை. பின்னோக்கித் தாவி அடித்துவிட்டு இறங்கும்போது மொத்த உடம்பும் இடது காலில் விழுகிற இடம் அது.

“கோர்ட்ல வேற மூலையும் இருக்குண்ணா” என்று சிரித்தாள்.

“உனக்கு இதுதான் வீக்கு” என்றேன். பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் கால் இழுக்கத் தொடங்கியது. என்னைப் பார்த்தாள். தன் வலி பெரிதா சிறிதா என்று அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். நான் அடுத்த பந்தை எடுத்தேன்.

சடக்கென்று கேட்டது. விழுந்தவள் காலைப் பிடிக்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

“யாருண்ணா உதைச்சது?”

நாண் அறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருக்குமாம்; பின்னால் வெறும் சுவர்தான்.

“யாரும் இல்லம்மா” என்றேன்.

ஆகவே அது விபத்து அல்ல. எனக்குத் தெரியும், அவளிடம் மறைத்தேன், அறும்வரை எறிந்தேன். இனி அவள் ஒற்றையர் ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புதுப் பயிற்சியாளர் ஒருமுறை ஆப்பிளோடு வந்தார், பிறகு வரவில்லை. தாங்கள் கடிதம் அனுப்பினீர்கள். யார் யாரைக் கைவிட்டார்கள் என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை மடித்து ஒட்டப் போகிறேன். ஊன்றுகோலோடு தெருமுனைத் தபால்பெட்டிவரை நடந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள்; அதனால் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். வாசலில் நின்று, “அண்ணா, ஆச்சா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். பிரித்துப் பார்க்க மாட்டாள். திரும்பி வந்ததும் காலுக்கு ஐஸ் வைக்க வேண்டும். என்னைப் போல் பார்த்துப் பார்த்துச் செய்ய அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?