முன்சக்கரத்துப் பட்டை குறித்து யூனிஸ் சொன்னது

1955-ஆம் வருஷம் மார்ச் மாதம் 14-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குச் சித்தூர் போலீஸ் ஸ்டேஷனில், ஹெட் கான்ஸ்டபிள் உமாபதி முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் யூனிஸ். வயது நாற்பத்தொன்று. காலஞ்சென்ற ஜெபதாஸின் மனைவி. சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பதினாறு வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. கையெழுத்துப் போடுவதை நானே படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் இது தமிழில் எழுதப்படுகிறது.

கங்காதர நெல்லூரைச் சேர்ந்த விவசாயி நாராயணசாமி, நான் பழுதான ஜீப்பை நல்ல ஜீப் என்று சொல்லி விற்று ஏமாற்றினேன் என்றும், பிரேக் கெட்டிருந்ததை மறைத்தேன் என்றும், அதனால் விபத்து நடந்து அவர் மனைவி தாட்சாயணிக்கு எலும்பு முறிந்தது என்றும் சென்ற மாதம் 28-ஆம் தேதி புகார் கொடுத்திருக்கிறார். அந்த ஜீப் என் கணவர் ராணுவ ஏலத்தில் எடுத்தது. அவர் இறந்த பிறகு நானே லைசென்ஸ் எடுத்து, பிரசவம் பார்க்கச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதை ஓட்டிக்கொண்டு போனேன். சென்ற வருஷக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் புது வேனும் டிரைவரும் வந்துவிட்டதால் ஜீப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. விற்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு நாராயணசாமி தம் மனைவியோடு வந்தார்.

ஜனவரி 17-ஆம் தேதி காலையில் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து நானே வேலூர் ரோட்டில் ஆறு மைல் ஓட்டிக் காட்டினேன். அப்போது மூன்று குறைகளைச் சொன்னேன். பிரேக் எண்ணெய் கசிகிறது, தினமும் காலையில் பார்த்து ஊற்ற வேண்டும், சீக்கிரம் குழாயை மாற்ற வேண்டும் என்பது ஒன்று. இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும், ஏற்றத்தில் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. வெயில் நேரத்தில் மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும் என்பது ஒன்று. அதற்கு நாராயணசாமி, “வண்டி விக்கறவங்க கொறைய மூடி மறைப்பாங்க. நீங்க இன்னா நர்சம்மா, கடை விரிச்சிக் காட்டிக்கினு இருக்கீங்க” என்று சிரித்தார். அதன் பிறகு மூன்றையும் விற்பனைக் காகிதத்தில் நான் தமிழில் எழுத, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தையும், வண்டி கைமாறியதாக நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எழுதிப்போட்ட ரசீதையும் இத்துடன் கொடுக்கிறேன்.

அதன் பிறகு முப்பத்தேழாம் நாள், பிப்ரவரி 23-ஆம் தேதி, திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்காக அவர்கள் இருவரும் ஜீப்பில் போகும்போது, பாகாலா தாண்டி ஓர் இறக்கத்தில் வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகுச் சுவரில் மோதிற்று. நாராயணசாமிக்கு நெற்றியில் காயம். தாட்சாயணி வெளியே விழுந்து வலது தோள்பக்கத்துக் காறை எலும்பு முறிந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. மார்ச் 1-ஆம் தேதி நான் வார்டில் இருந்தபோது கான்ஸ்டபிள் வந்து, கர்ப்பிணிகள் எல்லாரும் பார்க்க, “சீட்டிங் கேசு, ஸ்டேஷனுக்கு வரணும்” என்று சொன்ன பிறகுதான் தெரியும். அன்று மத்தியானமே, இது தீரும்வரை வார்டுக்குள் வரவேண்டாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்கள். அதுமுதல் ஸ்டோர் ரூமில் துணி எண்ணுகிறேன்.

ஸ்டேஷனில் புகாரைப் படித்துச் சொன்னார்கள். உடனே பதில் எழுதிக் கொடுக்கும்படி அங்கேயும் ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் சொன்னார்கள். குறையை எழுதிய காகிதம் என் கையில் இருந்ததால் எனக்குப் பயம் இல்லை. ஆனால் வண்டியைக் கண்ணால் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று முடிவு செய்து, மார்ச் 3-ஆம் தேதி காலை பஸ்ஸில் பாகாலாவுக்குப் போனேன். ஜீப்பை ஒரு புளி மண்டியின் கொட்டகையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நாராயணசாமியும் நெற்றிக் கட்டோடு அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் பிரேக்கைப் பார்த்தேன். குழாய் புதிது. எண்ணெய் நிறைய இருந்தது. மிதித்தால் கட்டை போல் நின்றது. “குழாய மாத்திட்டீங்களே” என்றேன். “வாங்கின பத்தாம் நாளே மாத்திட்டேன்” என்றார். “அப்புறம் பிரேக்கு போச்சின்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டேன். “நானா எழுதினேன்? வண்டி நிக்கலன்னு சொன்னேன். பெட்டிஷன் எழுதறவரு தெலுங்குல எழுதிக்கினாரு. எனக்குத் தெலுங்கு படிக்க வருமா? காட்டின எடத்துல கையெழுத்து வெச்சேன்” என்றார்.

அதன் பிறகு ஒரு சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். இடது முன்சக்கரத்துக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில், சக்கரத்தை இடத்தில் பிடித்து வைக்கும் பெரிய பட்டை இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த வாயில் பாதி வெள்ளி போல் புதிதாக மின்னியது. பாதி கறுத்துத் துருவேறியிருந்தது. அதாவது, பாதி முறிவு பழையது. அது 1953-ஆம் வருஷம் விரிசல் விட்டு, நான் சின்னப்பன் என்கிற கொல்லரிடம் பற்றவைத்த அதே இடம். வேறு பட்டை போடச் சொல்லி அவர் அப்போதே சொன்னார். புதுப் பட்டை வருவதற்கு ஒரு மாதம் ஆகும் என்பதாலும், ஊர் ஊராகப் பிரசவங்கள் காத்திருந்ததாலும், ஒட்டினால் போதும் என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகு இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்தப் பட்டையை விற்கும்போது நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஜனவரி 17-ஆம் தேதி காகிதம் எழுதும்போது நினைவு வந்தது. சரி செய்துவிட்டதைக் குறை என்று எப்படி எழுதுவது என்று நினைத்து விட்டுவிட்டேன். வண்டிக்கு அடியில் கிடந்தபோது அந்த நிமிஷம் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. பேனா கையில் இருந்தது. இன்னும் ஒரு வரிக்குக் காகிதத்தில் இடமும் இருந்தது.

வெளியே வந்து நாராயணசாமியிடம், “அண்ணா, பிரேக்கு நல்லா இருக்குது. ஒடைஞ்சது இந்தப் பட்டை. ரெண்டு வருஷம் முன்னாடி இத ஒட்டினது நானு. உங்ககிட்ட சொல்லல” என்றேன். அவர் குனிந்து பட்டையைப் பார்த்தார். அதன் பிறகு, “மூணு கொறைய எழுதிக் குடுத்தீங்களே, அதனால தானே முழுசா நம்பினேன். ஒண்ணும் சொல்லாம வித்திருந்தா நானே ஒரு மெக்கானிக்க இட்டுக்கினு வந்து காட்டியிருப்பேன்” என்று சத்தம் போட்டார். மண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது நியாயம்.

அன்றே அவருடன் கங்காதர நெல்லூருக்குப் போய் தாட்சாயணியைப் பார்த்தேன். தோள்கட்டு தளர்ந்திருந்ததால் அவிழ்த்து மறுபடி கட்டினேன். கட்டிக்கொண்டே பட்டை விஷயத்தைச் சொன்னேன். தாட்சாயணி, “மூணு சொன்னீங்க நர்சம்மா. நாலாவதும் சொல்லியிருந்தா இவரு காதுல வாங்கியிருக்க மாட்டாரு, ஜீப்பு ஆசை அப்படி” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். உடனே அவள், “ஆனா நான் கேட்டுக்கினு தானே பின்னால குந்தியிருந்தேன். நான் ஏறியிருக்க மாட்டேன்” என்றாள். நான் கட்டை முடித்தேன்.

அதன் பிறகு வேலூரில் சொல்லிவைத்து முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதுப் பட்டைகள் வரவழைத்தேன். யாரும் கேட்காமல் என் பொறுப்பில் செய்தேன். மார்ச் 11-ஆம் தேதி பாகாலாவில் மெக்கானிக் மாட்டி முடித்ததும், அதே இறக்கத்தில் நாராயணசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மூன்று தடவை ஓட்டினேன். நாலாம் தடவை அவர் ஓட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று.

12-ஆம் தேதி அவர் இங்கே வந்து புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆகவே இனி வாக்குமூலம் தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். நான் போகவில்லை. வாபஸ் என்றால் வழக்கு இல்லை என்று அர்த்தம். நான் செய்தது இன்னது, செய்யாதது இன்னது என்று யாருக்கும் தெரியாது. ஏமாற்றினேன் என்பதை முழுவதும் மறுக்கிறேன். பிரேக்கை மறைத்தேன் என்பதையும் மறுக்கிறேன். பட்டை ஒட்டுப்போட்டது என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாட்சாயணியின் காறை எலும்பு முறிந்ததற்கு அதுவே காரணம். புகாரில் இல்லாத குற்றத்தை எதற்காக எழுதச் சொல்கிறீர்கள் என்று ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார். அது நடந்ததால் எழுதச் சொல்கிறேன்.

இதன் நகல் ஒன்றை மேட்ரனிடம் கொடுக்கப் போகிறேன். பட்டை விஷயத்தைப் படித்த பிறகும் என்னை வார்டுக்குள் விடுவார்கள் என்று நம்புகிறேன். விடாவிட்டாலும் நகலைத் திருப்பி வாங்க மாட்டேன்.

ஹெட் கான்ஸ்டபிள் எழுத எழுத ஒவ்வொரு வரியையும் நானே படித்தேன். நான் சொன்னதில் ஒன்றும் விடுபடவில்லை, சொல்லாதது ஒன்றும் சேரவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், அத்தனையும் உண்மை என்று அறிந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. யூனிஸ்

என் முன்னிலையில் சொல்ல எழுதப்பட்டது.
(ஒப்பம்) உமாபதி, ஹெட் கான்ஸ்டபிள், சித்தூர்