ஜேபஸின் நடைவண்டி

எங்கள் வீட்டுத் தரை கணப்படுப்புப் பக்கம் சற்றுச் சரிவு, ஐயா. ஆப்பிள் கைதவறினால் சாம்பலில் போய்த்தான் பொறுக்க வேண்டும். பாதி வெந்த ஆப்பிளும் ருசிதான் என்பதால் நாங்கள் யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

என் தம்பி எனோஸ் தச்சன். மகன் ஜேபஸுக்கு அவன் செய்த நடைவண்டியைப் பார்க்க ஊரே வந்தது. பிள்ளையின் மார்பளவுக்கு ஒரு மரவளையம், கீழே நான்கு சக்கரங்கள். உள்ளே நிறுத்திவிட்டால் ராஜநடை போடுவான். தவழ்வது ஆடுமாடுகளின் வேலை என்று எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி மனைவி மெஹிட்டபெல்லுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல பெண்தான், வாய் கொஞ்சம் நீளம். நான் வண்டியில் நிறுத்துவேன். அவள் தூக்கித் தரையில் விடுவாள்.

"தவழட்டுமே அண்ணி. ஆத்தோட மேல்பக்கம் எங்க ஊர்ல எல்லாரும் தவழ்ந்து வளந்தவங்கதான். யாருக்கும் வால் முளைக்கல."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அறுப்பு முடிந்ததும் மூவரும் அந்த ஊருக்கே குடிபோவதாக எனோஸ் சொன்னான். ஜேபஸை மட்டும் என்னிடம் விட்டுப்போகச் சொன்னேன். பெற்றவளைக் கேள் என்றான்.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே அண்ணி" என்றாள் அவள்.

நியாயம்தான். ஆனால் பிறந்த நாளிலிருந்து பிள்ளை என் தோளில்தான் தூங்கினான். அவன் இல்லாத வீட்டில் நான் யாருக்குக் கஞ்சி காய்ச்சுவது?

வண்டி உருண்டுவிடாமலிருக்க அடுப்புக்கு முன்னால் எனோஸ் ஒரு கட்டை அடித்திருந்தான். ஒரு நாள் காலையில் அதைப் பெயர்த்து அடுப்பிலேயே போட்டேன். ஓக் மரம், நன்றாக எரிந்தது. அன்று மெஹிட்டபெல், என் மனம் குளிரட்டுமென்று, தானே பிள்ளையை வண்டியில் நிறுத்திவிட்டு மாவு பிசையத் திரும்பினாள். நான் வாத்துகளுக்குத் தீனி போட வெளியே வந்தேன். ஒரு சின்னச் சூடு பட்டால் போதும். கவனமில்லாத தாய் என்று சபைப் பெரியவர்கள் பிள்ளையை என்னிடம் ஒப்படைப்பார்கள் என்று நினைத்தேன். சூடு சின்னதாக இல்லை.

ஊர் அவளைத்தான் ஏசியது. "நானே கொன்னுட்டேன்" என்று அழுதபடி எனோஸுடன் படகேறினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. சோப்பு காய்ச்சச் சேர்த்துவைத்த அடுப்புச் சாம்பலில் உங்கள் காவலர் கட்டையின் ஆணிகளைக் கண்டாராம். பாவம், அத்தனை சாம்பலையும் சலித்திருக்க வேண்டாம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஜேபஸ் மட்டும் படகேறவில்லை. கல்லறை மேடு நடக்கிற தூரம்தான். தினமும் கஞ்சி கொண்டுபோகிறேன். கேட்டபடியே பிள்ளையை என்னிடம் விட்டுத்தான் போனார்கள், ஐயா. என்ன இருந்தாலும் அவர்களுக்கு நல்ல மனசு.