லீவு பட்டன்

சயான் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கையும் நின்றார்கள். அக்காவின் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையில் டிசைனர் என்று இருந்தது. தங்கையின் கையில் மாட்டுங்கா சேலைக்கடைப் பை.

"எங்க ஆபீஸ் ஆப்ல லீவு பட்டனை ஒளிச்சு வச்சதே நாந்தாம்ட்டி" என்றாள் அக்கா.

நான் என் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"ஏன்க்கா?"

"ஆளாளுக்கு லீவு போடுதாங்கன்னு மேனேஜர் பொலம்புனாரு. அஞ்சு ஸ்கிரீனுக்கு அந்தால கொண்டுபோயி வச்சேன். ஒருத்தர் ரெண்டு நாளு தேடிப் பாத்துட்டு, பேசாம வேலைக்கே வந்துட்டாரு. எனக்கு பிரமோஷன் குடுத்தாங்க."

"அரே, அதெல்லாம் இருக்கட்டும். வெள்ளிக்கெழம எனக்கு நிச்சயம். நீ லீவு போட்டியா, இல்லியா?"

"ரெண்டு தடவ போடப் பாத்தேன்."

"பட்டன் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும். ஆனா அதை அமுக்குனா அழுத மூஞ்சியோட ஒரு பொம்ம வரும். 'நீங்க இல்லாம டீம் தவிச்சுப் போகும், கட்டாயம் போகணுமா?'ன்னு கேக்கும்."

"அத எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"பெறவென்ன?"

"பாவமா இருந்துச்சுட்டி. ரெண்டு தடவையும் 'போகல'ன்னு அமுக்கிட்டேன்."

தாராவி பஸ் வந்து நின்றது. தங்கை சேலைப் பையை அக்காவின் கையில் திணித்தாள்.

"போனை இங்க குடு. அது அழட்டும்."