கயிறு பிடித்த மைத்துனன்

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து தூத்துக்குடி திரும்பும் பஸ். முன் சீட்டில் சங்கு குளிப்பவர் ஒருவரும் அவர் மைத்துனனும். அக்கா தாலிக்குப் பொறுப்பென்று, கடலில் மூழ்குபவரின் கயிறு படகில் மைத்துனன் கையில்தான் இருக்கும்; கீழே அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். நான் தூங்குவதுபோல் குறட்டை விட்டு ஒட்டுக்கேட்டேன்.

“அத்தான், ஒங்க கையக் கெடுத்தது நாந்தான். அன்னைக்கி கயித்த வெரசா இழுத்துட்டேன்.”

“கூறுகெட்டவனே, டாக்டர் சொன்னது கேக்கலியா? தசைக்கு உத்தரவு குடுக்குத நரம்பு செல்லு ஒவ்வொண்ணா சாவுது. அதான் கை சூம்புது. ஏன் சாவுதுன்னு அவருக்கே தெரியல.”

“நான் இழுத்ததுல இல்லியே?”

“இல்லல. கீழ நான் கயித்த அசைக்கேன், மேல ஒனக்குத் தெரியலன்னு வையி. அது மாதிரி ஒடம்புக்குள்ள ஒரு கயிறு அந்துட்டு.”

குறட்டை விட மறந்துபோனேன்.

இறங்கும்போது அவரால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. மைத்துனன் இடுப்போடு அணைத்துப் பிடித்தான்.

“ஏலே, இப்பமாவது மெதுவா இழு,” என்றார்.