மிக அரிதாக

ஞாயிற்றுக்கிழமை ஒன்றே காலுக்கு என் தங்கை வீட்டில் சாப்பாடு. என் மனைவி போன பிறகு ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். நான் ஒரு கதை சொல்வேன். அவர்கள் சோறு போடுவார்கள். நியாயமான ஏற்பாடு.

எனக்கு அச்சகத்தில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அதில் பிழை பார்ப்பவன். இருபத்தாறு வருடத்தில் அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது என்னை யாராவது கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைப் பேராசை என்று சொல்ல முடியாது.

தங்கையின் கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறார். விபத்து என்று சொல்லி வருபவர்களை நடந்ததை இரண்டு முறை சொல்லவைத்து, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பார். கெட்டிக்காரர். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை.

"அந்த நாய் இருக்கே, கருகருன்னு..." என்று ஆரம்பிப்பேன்.

"போன ஜூன்ல அது வெள்ளையா இருந்துச்சு மச்சான்."

"அப்படியா?"

"உங்கள ரெண்டு தெரு துரத்துச்சு. அதுக்கு முந்தின தடவ ஒரு தெருதான். நாய் வளருது போல."

தங்கை சிரிப்பாள். கதை அங்கேயே படுத்துவிடும்.

அவருக்கு ஒரு ரத்தக்குழாயில் பாதி அடைப்பு. கொழுப்பைக் குறைக்க மருத்துவர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை என் வழியில் இருப்பதால் மாதா மாதம் நான்தான் வாங்கிப் போவேன். தாள் எங்கள் அச்சகத்தில் அடித்தது. அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். ‘மிக அரிதாகச் சிலருக்கு மறதி ஏற்படலாம். இதற்கு மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை.’

நான் எதையும் சேர்க்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘மிக அரிதாக’ என்பதை எடுத்தேன். ‘சிலருக்கு’ தனியாக நிற்பது பாவமாக இருந்தது, அதையும் எடுத்தேன். இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தின் காலை வாருகிறது. அதுவும் போயிற்று. ‘மறதி ஏற்படலாம்.’ ‘லாம்’ மேல் கை வைக்கவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. அதே மெல்லிய தாளில் ஒரே ஒரு படி அடித்து, எட்டாக மடித்து, பெட்டிக்குள் வைத்தேன்.

அவர் எல்லாவற்றையும் படிக்கிறவர். இதையும் படித்தார். எனக்கு வாய்த்த முதல் வாசகர்.

அடுத்த வாரமே சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றார்.

"என்னைத் திட்டத்தான்" என்றாள் தங்கை.

எல்லோருக்கும் நடப்பதுதான். அவர் அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். எழுத ஆரம்பித்தால் மறதிக்கா பஞ்சம்?

மூன்றாம் வாரம் நாய்க் கதையைச் சொன்னேன். மூன்று தெரு. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இத முன்னாடி சொல்லியிருக்கீங்களா மச்சான்?"

"இல்ல மாப்பிள்ள. இப்பத்தான்."

"நல்லா இருக்கு" என்றார், மெதுவாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படியே போயின. நாய் ஐந்து தெரு ஓடியது. ஆறாவது வாரம் அது நாயே இல்லை, சிறுத்தை. அவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டதே இல்லை.

ஏழாம் வாரம், "மச்சான், அது நாய்" என்றார்.

கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்தார். "மாத்திரைய நிறுத்திட்டேன். பத்து நாளாச்சு. மூளை பளிச்சுன்னு இருக்கு. உங்க தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க, வீட்ட ரெண்டாக்கிடுவா."

நான் மூச்சு விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவன். மாதா மாதம் பெட்டியை வாங்கிக்கொண்டும் போனேன். புதுப் பெட்டிகளில் இருந்தவை சரியான தாள்கள்தான், ஆனால் அவர் பிரிக்கவில்லை. ஒரு தடவை படித்தால் அவருக்குப் போதும். மாத்திரையைத் தினம் ஒன்றாக உரித்து வாஷ்பேசினில் போட்டார்.

ஐந்தாம் மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தச் சொற்களை எடுத்ததும் பத்தி சுருங்கியது. அடியில் ஒரு வரி மட்டும் மொட்டையாகத் தொங்கியது. தொழில் தெரிந்த எவனும் அப்படி விடமாட்டான். ‘மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது’ என்ற வரி. பார்வைக்கு அசிங்கமாக இருந்ததால் எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

இப்போது அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழாய்களோடு படுத்திருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று மருத்துவர் கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்றாள் தங்கை. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நன்றாக ஓடுகிற கடிகாரம்.

மருத்துவர் அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சற்று முன்பு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரிக்காத ஒரு பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"எனக்கும் கொழுப்பு ஏறிக் கிடக்காம். அதே மாத்திரைதான். ஒழுங்கா போட்ட மனுஷனுக்கே இப்படி ஆயிடுச்சு. டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், இந்தத் தாள எழுத்து எழுத்தாப் படிச்சவன் நீதான். நான் போடட்டுமா, வேண்டாமாண்ணா?"