ரேஸ் கேம் போட்ட கார்

வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கும், அவர் ஷெட்டில் டர்போ காரை விட்டிருந்த பட்டுக்கடைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் போட்ட சத்தம் டிரைவர் வரை கேட்டது.

"புடவை பார்சல் ஏத்திக்கினு போறவனுக்கு எதுக்குபா ரேஸ் கேம்ஷாஃப்ட்?"

"நீங்கதானே பாய் போட்டீங்க. இப்ப ராஜ வீதியில கார் இழுக்கவே மாட்டேங்குது."

"என்ஜின் வால்வை ரொம்ப நேரம் திறந்து வெக்கிற கேம் அது. என்ஜின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்துனாதான் இழுக்கும். அந்த ஸ்பீடையும் டர்போ பிரஷரையும் தாங்கணும்னு வால்வு ஸ்ப்ரிங்கும் ஹார்டா போட்டேன். மாட்டுக்குப் பின்னால ஊர்ந்துக்கினு போனா எப்படி இழுக்கும்? எங்க ஓட்டுவேன்னு மூணு தடவை கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னே?"

"ரேஸ் டிராக்குல."

"எத்தினி தடவை போயிருக்கே?"

கடைக்காரர் பஸ் டிக்கெட்டை மடிக்க ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு வேற கேம் பாக்கறேன். இந்த வாட்டியாவது உண்மையச் சொல்லு. எங்க ஓட்டப் போறே?"

கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து டிராக்குலதான் பாய்."

மெக்கானிக் எழுந்துபோய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார். வாலாஜாபாத் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.